உதவி: தாத்தா நிலத்துக்கு செவ்வாய்க்கிழமை ஹியரிங், கையெழுத்துப் போடலாமா?

நிபோங்_பொண்ணு: அவசரம். தாத்தா பேர்ல மலேசியா, பினாங்குல நிபோங் திபால் பக்கம் ரெண்டு ஏக்கர். மாமா தானா ஆபிஸ்ல (நில அலுவலகம்) பங்கு பிரிக்கக் கேஸ் போட்டுட்டார், செவ்வாய் ஹியரிங். "பொண்ணுக்கு சீர் செஞ்சாச்சு, நம்ம வழக்கத்துல பங்கு கிடையாது"ன்னு ஒரு ஃபாரத்துல கையெழுத்து கேக்குறார். போடலாமா?

பிறைவாசி: எந்த ஃபாரம்? டிடிஏன்னு இருக்கா? உயில் உண்டா? தாத்தா எந்த வருஷம் தவறினார்? பாட்டி? அம்மா?

கேவியட்_மணி: முதல்ல 19பி ஃபாரம் போட்டு நிலத்து மேல கேவியட் (தடைக் குறிப்பு) ஏத்துங்க. யாரும் எடுக்க வைக்கலேன்னா 6 வருஷம் நிக்கும்.

பழைய_கிராண்ட்: தேடிப் பார்க்க சோம்பல்படுறவங்களுக்காக மறுபடியும் எழுதறேன். மணி, கேவியட் ஹியரிங்கை நிறுத்தாது, பதிவைத்தான் தடுக்கும். காரணமில்லாம ஏத்தினா நஷ்டஈடு நீங்கதான் கட்டணும். உயில் இல்லேன்னா 1958 பங்கீட்டுச் சட்டம். அதுல மகன், மகள் பேதமே இல்ல. சீர் வாங்கினதால மகள் வாரிசுப் பட்டியல்ல இருந்து விழமாட்டா.

சேகர்_பாக்காப்: இந்தியாவுலேயே 2005ல பொண்ணுங்களுக்குச் சம பங்குன்னு திருத்திட்டாங்களே.

பழைய_கிராண்ட்: அது இந்தியச் சட்டம். பினாங்கு நிலத்துக்கும் அதுக்கும் என்ன?

சேகர்_பாக்காப்: அப்ப வழக்கம்னு ஒன்னு இங்க செல்லவே செல்லாதா?

பிறைவாசி: செல்லும். நெகிரி செம்பிலான்ல அடாட் (மலாய் வழக்க) நிலம்னு கிராண்ட்லேயே (பட்டா) குறிச்சிருக்கும். வேடிக்கை என்னன்னா அது போறதே பெண் வழியிலதான். மாமாகிட்ட சொல்லிப் பாருங்க.

கேவியட்_மணி: சொத்து மதிப்பு ரெண்டு மில்லியன் ரிங்கிட் தாண்டினா ஹைகோர்ட்டுக்குத்தான் போகணும்.

பழைய_கிராண்ட்: பழைய கணக்கு. 2024 ஜூலை 15லிருந்து 5 மில்லியன் வரைக்கும் தானா ஆபிஸ்லேயே பார்க்கலாம்.

நிபோங்_பொண்ணு: டிடிஏ தான். உயில் இல்ல. தாத்தா 2003, பாட்டி அதுக்கு முன்னாடியே. நாலு பிள்ளைங்க. அம்மா 2015ல தவறிட்டாங்க. அப்பா, நான், தம்பி இருக்கோம். 1998ல அம்மா "பங்கு வேணாம்"னு எழுதின வெள்ளைத்தாள் மாமாகிட்ட இருக்கு.

பிறைவாசி: இதைத்தான் முதல்லேயே சொல்லியிருக்கணும் தங்கச்சி. 1998ல தாத்தா உயிரோட இருந்தார். அப்ப அம்மாவுக்குப் பங்கே பிறக்கல, இல்லாததை எப்படி விட்டுக் கொடுக்கறது? 2003ல தாத்தாவோட அப்பா அம்மா இல்லைன்னு வச்சுக்கிட்டா நாலு பிள்ளைக்கும் ஆளுக்கு கால் பங்கு. அம்மா பின்னாடி இறந்ததால அவங்க கால் பங்குல அப்பாவுக்கு மூணுல ஒன்னு, மீதி உங்க ரெண்டு பேருக்கும். ஆக மொத்த நிலத்துல மூணு பேருக்கும் ஆளுக்கு 12ல ஒன்னு.

டிடிஏங்கிறது நேர்ல வர முடியாதவங்க சம்மதம். படிக்காம போட்டா "பங்கு மாமாவுக்கே"ன்னு நீங்களே சொன்ன மாதிரி ஆயிடும். போடாதீங்க, மூணு பேரும் நேர்ல போங்க. ஐசி (அடையாள அட்டை), அம்மா இறப்புச் சான்று, அப்பா அம்மா கல்யாணச் சான்று, உங்க ரெண்டு பேர் பிறப்புச் சான்று எல்லாம் ஒரிஜினலா, நகலோட. அம்மா பேர் தாளுக்குத் தாள் வேற எழுத்துல இருந்தா சத்தியப் பிரமாணம் எடுத்து வச்சுக்குங்க, அதிகம் இழுபடறது அதுலதான். போராங் ஏ-ல (மாமா கேஸ் போட்ட மனு ஃபாரம்) வாரிசுப் பட்டியல்ல அம்மா பேர் இருக்கான்னு அங்கேயே கேளுங்க. உத்தரவு பாதகமா வந்தா ஹைகோர்ட்டுக்கு அப்பீல் பண்ண 14 நாள்தான்.

கேவியட்_மணி: எனக்கென்னமோ கேவியட் போட்டிருக்கலாம்னுதான் தோணுது.

நிபோங்_பொண்ணு: போனோம். கையெழுத்துப் போடல. போராங் ஏ-ல அம்மா பேரே இல்ல. அதிகாரி தள்ளி வச்சுட்டார். நன்றி.

பிறைவாசி: அடுத்த தேதி எப்ப? பேரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தீங்களா, வாயால சொன்னதோட சரியா?