புதுப்பிப்பு: யாமலை ஜேசனாக மாற்றுதல், உபுண்டுவில் வரும் சிக்கல்

யாமல், ஜேசன் இரண்டும் தரவை எழுதிவைக்கும் உரை வடிவங்கள். யாமல் கோப்பை ஜேசனாக மாற்ற, ஒய்க்யூ (yq) என்ற கட்டளைவரிக் கருவியில் ‘மைனஸ் ஓ ஜேசன்’ (-o json) கொடுத்தால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். உபுண்டு லினக்ஸில் அப்படிக் கொடுத்தால் பிழை வருகிறது என்று சிலர் சொன்னார்கள். காரணம், ஒரே பெயரில் இரண்டு கருவிகள். உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியே நிறுவினால் வருவது, ஜேசனைக் கையாளும் ஜேக்யூ (jq) கருவியை உள்ளே அழைக்கும் பைதான் கருவி; அது இயல்பாகவே ஜேசன்தான் தரும், அந்த ‘ஓ’ அதற்குத் தெரியாது. நான் சொன்னது கோ (Go) நிரல்மொழியில் எழுதிய இன்னொரு ஒய்க்யூவின் நான்காம் பதிப்பு, ஸ்நாப் என்ற மற்றொரு நிறுவல் கருவி வழியே கிடைக்கும். எது இருக்கிறது என்பதை வெர்ஷன் கேட்டுப் பாருங்கள்.

எந்தக் கருவியானாலும் யாமலில் எழுதிய கமென்ட்கள் (விளக்கக் குறிப்புகள்) போய்விடும், ஜேசனில் அவற்றுக்கு இடமே இல்லை. மேற்கோள் இல்லாத 1.20 எண்ணாகப் போய், படிக்கும் நிரலில் 1.2 ஆகிவிடும், பதிப்பு எண்களை மேற்கோளுக்குள் போடுங்கள். முக்கியமாக, வெளியீட்டை அதே யாமல் கோப்புக்குள் எழுதும்படி ‘>’ போட்டுத் திருப்பாதீர்கள். கருவி படிக்கும் முன்பே, கட்டளைகளை இயக்கும் ஷெல் அந்தக் கோப்பைக் காலி செய்துவிடும்.