‘எம்’ படத்தில் சீட்டியடித்தது யார்?

கடைசி வரிசை:
சிறுமிகளைக் கொல்லும் ஒருவனை ஊரே தேடும் கதை, ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ஜெர்மன் படம் ‘எம்’ (1931). அது உங்களுக்கு முதலில் எப்படி அறிமுகமானது, எந்த இடம் உங்களைப் பிடித்துக்கொண்டது என்று எழுதுங்கள். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எனக்குள் முதலில் இறங்கியது அந்தச் சீட்டி. கொலைகாரனின் முகம் தெளிவாகத் தெரிவதற்கு முன்பே, பார்வையற்ற பலூன் வியாபாரியிடம் சிறுமிக்குப் பலூன் வாங்கும்போதே, நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் ‘பியர் கியூந்த்’ இசையிலிருந்து ஒரு துண்டைச் சீட்டியடிக்கிறான். நடித்த பீட்டர் லோரேவுக்குச் சீட்டியடிக்க வராதாம். அது தன்னுடைய சீட்டிதான் என்று லாங் பின்னாளில் சொன்னார். தனக்குச் சங்கீத ஞானம் கிடையாது, சுருதி விலகித்தான் வந்தது, மனம் தடம் புரண்டவனுக்கு அதுவே பொருந்திவிட்டது என்பது அவர் தந்த விளக்கம். இதைப் படித்த பிறகு மறுபடி பார்த்தேன். நடிகரின் உதட்டிலிருந்து இயக்குநரின் மூச்சு வருகிறது என்ற நினைப்பு கடைசி வரை போகவே இல்லை.

ஒலிவாங்கி:
ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன் நான். எங்களுக்கு இந்தப் படத்தைக் காட்டியவர் என் மூத்த பொறியாளர். “படத்தைப் பார்க்காதே, கேள்” என்றார். லாங்கின் முதல் பேசும் படம் இது. அந்த நாளில் ஒலி கைக்கு வந்ததும் இடைவிடாமல் பேசித் தீர்த்த படங்கள் ஏராளம். இவரோ தெருவையே ஊமையாக்கிவிடுகிறார். போலீஸ் சோதனைக்கு வரும் காட்சியில் தெரு சத்தமின்றிக் கிடக்கிறது. திடீரென்று ஒரு விசில் கிழிக்கிறது. பின்னணி இசை என்று தனியாக எதையும் சேர்க்கவில்லை.

என்னை உலுக்கியது, பலூன் வாங்கிக்கொண்ட அந்தச் சிறுமி எல்சியின் தாய் மகளைக் கூப்பிடும் இடம். குரல் மட்டும் போகிறது: வெறிச்சோடிய படிக்கட்டு, துணி காயும் மாடி, தொடப்படாத சாப்பாட்டுத் தட்டு. பிறகு புதரிலிருந்து பந்து உருண்டு வருகிறது, பலூன் கம்பியில் சிக்கித் துடிக்கிறது. கொலையை நாம் பார்ப்பதே இல்லை. ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேடும் ஆளைக் கடைசியில் அடையாளம் காண்பவர் அந்தப் பலூன்காரர்தான், அதே சீட்டியைக் கேட்டு. மௌனப் படத்தில் இந்தக் கதையையே சொல்லியிருக்க முடியாது.

தூறல்:
கல்லூரித் திரைப்படச் சங்கத்தில் பார்த்தேன். திருடர்கள் கூடிக் கொலைகாரனை விசாரிக்கும் இறுதிக் காட்சியில் லோரே கதறும்போது அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. வந்ததற்காகப் படத்தின்மேல் கோபமும் வந்தது. அந்தக் கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பிற்பாடு தெரிந்துகொண்டது இதைவிடக் கசப்பானது. லோரே யூதர். அந்தக் கதறலை வெட்டியெடுத்து 1940இல் நாஜிகள் தங்கள் யூத வெறுப்புப் பிரச்சாரப் படத்தில் ஒட்டிக்கொண்டார்கள். ‘எம்’ படத்துக்கு 1934இலேயே தடை. லாங்கின் அடுத்த படமான ‘டாக்டர் மபுஸேயின் மரண சாசன’த்துக்கோ அதற்கு முந்தைய ஆண்டே தடை. ‘எம்’ திரைக்கதையை லாங்குடன் சேர்ந்து எழுதிய அவர் மனைவி தேயா ஃபான் ஹார்பு ஜெர்மனியிலேயே தங்கி நாஜிக் கட்சியில் சேர்ந்தார்.

கடைசி வரிசை அவர்களே, ஒரு சந்தேகம். நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் தன்னைக் கூப்பிட்டுப் பெரிய பதவி தருவதாகச் சொன்னதாகவும், அன்றிரவே ரயிலேறிப் பாரிஸுக்குத் தப்பியதாகவும் லாங் வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். அவருடைய பாஸ்போர்ட் முத்திரைகளோ 1933 கோடைக்காலத்திலும் அவர் ஜெர்மனிக்குப் போய்வந்ததைக் காட்டுகின்றன. இப்படிக் கதை கட்டத் தெரிந்தவரின் சீட்டிக் கதையை மட்டும் எப்படி அப்படியே நம்புவது?

கடைசி வரிசை:
நியாயமான கேள்வி. சீட்டி தேயாவுடையது என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் தன் படங்களின் அண்மைக் காட்சிகளில் நடிகரின் கைக்குப் பதில் தன் கையையே வைத்துப் படமெடுக்கும் பழக்கம் லாங்குக்கு இருந்தது. கையைக் கொடுத்தவர் மூச்சையும் கொடுத்திருப்பார் என்றே எனக்குப் படுகிறது. தப்பியோடிய கதையில் அவர் தன்னை வீரனாக்கிக்கொள்கிறார். சீட்டிக் கதையிலோ சுருதி பிடிக்கத் தெரியாதவன் என்று தன்னையே கேலி செய்துகொள்கிறார். தற்பெருமைக்காரர் இட்டுக்கட்டினால் இப்படியா கட்டுவார்?

ஒலிவாங்கி:
யார் அடித்திருந்தாலும் தேர்ந்த கலைஞரைக் கூப்பிடாதது நல்லதாகப் போயிற்று. சுத்தமான சீட்டியாக இருந்திருந்தால் நானே திருத்தச் சொல்லியிருப்பேன்.

நடுப்பக்கம்:
நான் முதலில் பார்த்தது ஜோசப் லூசி 1951இல் லாஸ் ஏஞ்சலிஸில் எடுத்த மறுவடிவம். மூலத்தைத் தயாரித்த சீமோர் நெபன்சால்தான் அதற்கும் தயாரிப்பாளர். லாங்குக்கு அது துளியும் பிடிக்கவில்லை. பிராட்பரி கட்டடத்தின் இரும்புப் படிகளில் நடக்கும் தேடலுக்காக ஒருமுறை பார்க்கலாம். ஆனால் மூலத்தை முதலில் பாருங்கள். நான் தலைகீழாகப் பார்த்ததால், பெர்லினில் அவனைத் துரத்தும்போதெல்லாம் எனக்கு அமெரிக்கப் படிக்கட்டுதான் கண்முன் வந்து நிற்கிறது.