ரேடியோ சிட்டிக்கு ஸ்டார் முதலாளியா? ஓசூர் பக்கம் அப்போது கேட்டவர்கள் வாருங்கள்

தளி_ஆண்டெனா:
நேற்று இங்கே ஒருவர் எழுதியது: "பெங்களூரு ரேடியோ சிட்டியை 2001இல் ஸ்டார் டிவிக்காரர்கள் சொந்தமாக ஆரம்பித்தார்கள், பிறகு ஜாக்ரன் பத்திரிகைக் குழுமத்துக்கு விற்றுவிட்டார்கள்." அதற்குக் கீழே வரிசையாக "அருமையான தகவல்" என்று பாராட்டு. படித்ததிலிருந்து எனக்கு ஆறவே இல்லை. 2001 ஜூலை 3 அன்று அந்த நிலையம் ஒலிபரப்பு தொடங்கியபோது நான் தளியில் மொட்டை மாடியில் ஒயர் கட்டிக் கேட்டவன். நாட்டிலேயே முதல் தனியார் எஃப்எம் அதுதான். அதன் உரிமம் மியூசிக் பிராட்காஸ்ட் என்ற கம்பெனியின் பெயரில் இருந்தது. ஸ்டார் நிகழ்ச்சி தயாரித்துக் கொடுத்தது, அவ்வளவுதான். அரசு தனியாருக்கு முதன்முதலில் ஏலத்தில் கொடுத்த முதல் கட்ட உரிமத்தில் வெளிநாட்டு நேரடி முதலீட்டுக்கு அனுமதியே கிடையாது. அப்புறம் வெளிநாட்டுக் கம்பெனியான ஸ்டார் எப்படி முதலாளி ஆனது?

சூளகிரி_சந்தை:
எழுதியவன் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாமே அண்ணே. என்ன பாட்டு, எந்த மொழி, யார் பேசுவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்தது ஸ்டார். அப்படியென்றால் முதலாளி யார்? காகிதத்தில் யார் பெயர் இருந்தால் கேட்கிறவனுக்கு என்ன?

தளி_ஆண்டெனா:
உரிமம் யார் பெயரில் தம்பி? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

மாந்தோப்பு_635001:
கிருஷ்ணகிரிக்காரன் கணக்கில் சொல்கிறேன். தோப்புக்குப் பட்டா எங்கள் அப்பா பெயரில். பூ விடும்போதே வியாபாரி குத்தகை பேசி முன்பணம் கொடுத்துவிடுவார். மருந்து அடிப்பது, காவல் போடுவது, காய் பறிப்பது எல்லாம் அவர் ஆள். அதற்காகத் தோப்பு அவருடையது ஆகிவிடுமா?

சூளகிரி_சந்தை:
மகசூல் யாருக்குப் போகிறது? வியாபாரிக்குத்தானே. அந்த வருடத்துக்கு அவர்தான் முதலாளி.

மாந்தோப்பு_635001:
மகசூல் குறைந்த வருடம் முன்பணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்டு வாசலில் வந்து நின்ற குத்தகைக்காரரை நான் பார்த்திருக்கிறேன். நட்டம் என்றால் தோப்பு எங்களுடையது, லாபம் என்றால் அவருடையது. இந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் ஏற்கமாட்டோம்.

ராயக்கோட்டை_தக்காளி:
மாங்காய் விலைக்கு வேறு இழை தொடங்குங்கள் ஐயா. அப்புறம் ரேடியோ சிட்டியின் அலைவரிசையை எல்லோரும் 91.1 என்று நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். 2001இல் அது 91. வெறும் 91. ஒட்டுத்தாளிலும் 91 என்றுதான் போட்டிருந்தது.

தளி_ஆண்டெனா:
அதுவும் சரிதான். இரண்டாம் கட்ட உரிமம் வந்த பிறகுதான் 91.1 ஆனது. பெங்களூரு அலைவரிசைகளை எழுதிப் பாருங்கள்: 91.1, 91.9, 92.7, 93.5, 94.3. ஒவ்வொன்றுக்கும் நடுவே 0.8. ஒரே ஊரில் இத்தனை நிலையம் வந்தால் இடைவெளி வேண்டும். முதல் ஐந்து வருடம் ஊரில் வேறு தனியார் நிலையமே இல்லை, அதனால் 91இல் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. அப்போதும் சரி, 91.1 ஆன பிறகும் சரி, உரிமம் மியூசிக் பிராட்காஸ்ட் பெயரில்தான்.

சூளகிரி_சந்தை:
எங்கே சுற்றினாலும் அங்கேயே வந்து நிற்கிறீர்கள்.

தளி_ஆண்டெனா:
நீங்கள் பதில் சொல்லாதவரை வருவேன். இன்னொன்றையும் கேளுங்கள். 2015இல் ஜாக்ரன் எதை வாங்கியது? மியூசிக் பிராட்காஸ்ட் கம்பெனியை வாங்கியது. ஸ்டாரிடமிருந்து ஒரு நிலையத்தை வாங்கவில்லை. விற்றவரே ஸ்டார் இல்லை எனும்போது "ஸ்டார் விற்றது" என்று எப்படி எழுதினீர்கள்?

அதியமான்_102:
ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு நிலையத்தின் முதலாளி யார் என்பதில் இவ்வளவு அக்கறை. நம் மாவட்டத்துக்கு என்று ஒரு நிலையம், தருமபுரி ஆகாசவாணி 102.5, இருப்பதைப் பற்றி இதுவரை ஒருவர்கூடப் பேசவில்லை. தொடங்கிய நாளிலிருந்து முதலாளி மாறவில்லை, மொழி மாறவில்லை. செய்தி உண்டு, வேளாண்மை உண்டு. தனியார் எஃப்எம் சொந்தமாகச் செய்தி வாசிக்க இன்றுவரை அனுமதி உண்டா?

ராயக்கோட்டை_தக்காளி:
"நம் மாவட்டம்" இல்லை ஐயா. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகிவிட்டது.

அதியமான்_102:
பிரித்தது அரசாங்கம், அலையை யாரும் பிரிக்கவில்லை. காவேரிப்பட்டினத்தில் என் அக்கா வீட்டில் காலையில் 102.5தான் ஓடும்.

மாந்தோப்பு_635001:
காவேரிப்பட்டினத்தில் ஓடும். எங்கள் பக்கம் பழைய ரேடியோவில் 102.5 வைத்தால், கொஞ்சம் முள் நகர்ந்ததும் பெங்களூரு விவித பாரதி 102.9 உள்ளே வந்துவிடும். நடுவில் 0.4தான். பாதிப் பாட்டு தமிழ், பாதி கன்னடம். என் பாட்டி ரேடியோ கெட்டுப்போய்விட்டது என்று கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

தளி_ஆண்டெனா:
ரேடியோவில் கோளாறு இருந்திருக்காது. எஃப்எம் அலை நேர்க்கோட்டில் போவது. பெங்களூரும் ஓசூரும் மேட்டு நிலம், அதனால் அந்த ஊர் நிலையமெல்லாம் எங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். மலையிறங்கிக் கிருஷ்ணகிரிக்கு வந்தால் தேய்ந்துவிடும், தருமபுரி போனால் இரைச்சல்தான் மிச்சம். அதனால்தான் 2001 பற்றித் தருமபுரி நண்பர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்கிறேன்.

அதியமான்_102:
இதில் என்ன பெருமை? பக்கத்து மாநிலத்து ரேடியோ கேட்டதை ஒரு தகுதி மாதிரி சொல்கிறீர்கள். இந்தியும் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து போட்டார்கள், பின்னாளில் கன்னடத்துக்கே மாறினார்கள். அதில் ஓசூர்த் தமிழனுக்கு என்ன இருந்தது?

சூளகிரி_சந்தை:
இங்கே வீட்டுக்கு வீடு தெலுங்கும் கன்னடமும் புழங்குகிறது ஐயா. யார் எதைக் கேட்க வேண்டும் என்று நீங்கள் சொல்லாதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் தளி அண்ணன் பக்கம்.

தளி_ஆண்டெனா:
நன்றி தம்பி. அப்படியே உரிமம் யார் பெயரில் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

சூளகிரி_சந்தை:
அதைச் சொல்லமாட்டேன். அது கேள்வியே இல்லை என்பதுதான் என் வாதம்.

ராயக்கோட்டை_தக்காளி:
பெங்களூரு 93.5ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஸ் எஃப்எம் என்று இருந்தது ரெட் எஃப்எம் ஆனது. பெயர்தான் மாறியது, சன் குழுமம் அப்படியே இருந்தது. ரேடியோ சிட்டியில் பெயர் அப்படியே இருக்க, முதலாளி மாறினார். கேட்கிறவர்கள் எஸ் எஃப்எம் போய்விட்டது என்று வருத்தப்பட்டார்கள், ரேடியோ சிட்டி கைமாறியதை யாருமே கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

தளி_ஆண்டெனா:
நல்ல உதாரணம், ஆனால் என் பக்கம்தான் பேசுகிறது. பெயரையும் குரலையும் வைத்து முதலாளியைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் கட்டத்தில் உரிமக் கட்டணம் வருடத்துக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போனது. தாங்க முடியாமல் ஏலம் எடுத்த பலர் நிலையமே தொடங்காமல் விலகினார்கள். 2005இல் வருவாயில் 4 சதவீதம் என்று மாற்றிய பிறகுதான் மூச்சு விட்டார்கள். அந்த நான்கு வருடமும் அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டப் பொறுப்பு யாருக்கு? உரிமம் வைத்திருந்தவருக்கு. கடனைச் சுமந்தவரை விட்டுவிட்டு, பாட்டுப் பட்டியல் போட்டவரை முதலாளி என்கிறீர்கள்.

சூளகிரி_சந்தை:
கட்டணம் கட்டியவர் பெயர் உங்கள் தெருவில் ஒருவருக்காவது தெரியுமா? ஸ்டார் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

மாந்தோப்பு_635001:
எங்கள் குத்தகைக்காரரையும் சந்தையில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவை யாருக்கும் தெரியாது. பட்டா அப்பா பெயரில்தான் இருக்கிறது.

சூளகிரி_சந்தை:
மறுபடியும் மாந்தோப்பா?

அதியமான்_102:
இன்று காலை 102.5இல் மானாவாரி நிலக்கடலை பற்றிப் பேசினார்கள். பாலக்கோடு பக்கம் கேட்டவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

தளி_ஆண்டெனா:
ஐயா, அதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன். சூளகிரி தம்பி, நேற்றைய பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது, புதிதாக இரண்டு பேர் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் "ஸ்டார் டிவிக்காரர்கள் சொந்தமாக" என்ற மூன்று சொல்லை எடுங்கள்.

சூளகிரி_சந்தை:
எடுக்கமாட்டேன்.

தளி_ஆண்டெனா:
அப்படியானால் உரிமம் யார் பெயரில் இருந்தது?