குறுக்குக் காற்றில் இறங்கி ரன்வேயைத் தாண்டி ஓடிய செஸ்னா

குறுக்குக் காற்று என்றாலே விமானம் பக்கவாட்டில் போய்விடுமோ என்றுதான் எல்லோருக்கும் பயம். நான் இருந்த செஸ்னா 172 என்ற சிறிய விமானம் துளிகூடப் பக்கத்தில் விலகவில்லை. நடுக்கோட்டிலேயே ஓடி, ரன்வே முடிந்தும் நிற்காமல் புல்லுக்குள் போய் நின்றது.

ஓட்டியவர் லைசென்ஸ் வாங்கியவர், என்னைவிட மூத்தவர். நான் வலது சீட்டில், அப்போது பயிற்சி மாணவன். டவர் சொன்ன காற்று ரன்வேக்கு 60 டிகிரி கோணத்தில் 14 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட்), திடீரென வேகம் கூடும் வீச்சில் 20. அந்தக் கோணத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் குறுக்கே அடிக்கும். அதாவது 12 நாட், வீச்சில் 17. 172எஸ் மாடலின் கையேட்டில் குறுக்குக் காற்றுக்கு இருப்பது 15. அது சோதனையில் செய்து காட்டிய அளவுதான், தடை இல்லை. ஆனாலும் யோசிக்க வைக்கிற எண்.

வீச்சு 6 நாட் கூடுதல் என்றால், இறங்கும் வேகத்தோடு அதில் பாதியைச் சேர்ப்பது வழக்கம். வழக்கமான 65-க்கு 68 போதும். வேகமானியின் முள் 78-இல் நின்றது. "கொஞ்சம் ஸ்பீடு இருந்தா கன்ட்ரோல் நல்லா இருக்கும்ப்பா" என்றார். அது உண்மைதான். ஆனால் 65-க்குப் பதில் 78 என்றால் வேகம் 20 சதவீதம்தான் கூடுதல், பிரேக் தின்ன வேண்டிய ஆற்றலோ 44 சதவீதம் கூடுதல்!

காற்றுப் பக்கம் இறக்கையைத் தாழ்த்தி, எதிர்ப் பக்கம் ரட்டர் (வால் சுக்கான்) கொடுத்து மூக்கை நேராக்கியது அவ்வளவு அழகு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விமானம் இறங்க மறுத்து மிதந்துகொண்டே போனது. காற்றின் திசை காட்டும் காற்றுப் பை வேறு எங்களுக்குப் பின்னாலிருந்து அடிப்பதுபோல் திரும்பியிருந்தது. டவர் சொன்ன காற்றை வைத்து நம்பியிருந்த 7 நாட் எதிர்க்காற்று காணோம். 172-க்குப் பின்காற்று ஒவ்வொரு 2 நாட்டுக்கும் இறங்கும் தூரம் 10 சதவீதம் கூடும்.

"அண்ணா, கோ-அரவுண்ட்?" என்றேன், இறங்காமல் மறுபடி மேலேறிவிடலாமா என்று. "இதோ, தொட்டாச்சு" என்றார். ஒரு சக்கரம் தொட்டது, எம்பியது, மறுபடி தொட்டது. அதற்குள் பாதி ரன்வே போயிருந்தது.

பிரேக்கை ஏறி மிதித்தார். டயர் கிறீச்சிட்டதே தவிர வேகம் குறையவில்லை. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் பலகை) முழுதாகக் கீழே இருந்ததால் இறக்கை இன்னும் பாரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தது, சக்கரத்தில் எடையே இல்லை. ஃபிளாப்பை ஏற்றி, யோக்கை (கையில் பிடிக்கும் ஸ்டீயரிங்) இழுத்துப் பிடித்து, பிறகு மிதிக்க வேண்டும். அந்த அவசரத்தில் யாருக்குக் கை ஃபிளாப் லீவருக்குப் போகும்?

ஈர மண்ணில் மூக்குச் சக்கரம் புதைந்து, புரொப்பல்லர் நுனி இரண்டும் வளைந்தன. அவர் இன்ஜினை நிறுத்த மிக்ஸ்சர் (எரிபொருள் கலவை) பிடியை இழுத்து, எரிபொருளையும் மாஸ்டர் சுவிட்சையும் அணைத்தார். நாங்கள் நடந்தே வெளியே வந்தோம். டயரில் ஓர் இடம் மட்டும் உள்நூல் தெரியும் அளவுக்குத் தட்டையாகத் தேய்ந்திருந்தது. நுனி வளைவு சின்னதுதானே என்று நினைத்தேன். புரொப்பல்லர் சுழலும்போது தரையில் இடித்தால் இன்ஜினையே பிரித்துப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்ன பிறகுதான் செலவு உறைத்தது.

என் கணக்கில் அன்று ரன்வேயைத் தின்றது குறுக்குக் காற்று இல்லை, அதற்குப் பயந்து ஏற்றிக்கொண்ட அந்தக் கூடுதல் வேகம். முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் சக்கரம் நிலைக்காவிட்டால் இப்போது நான் மறுபடி மேலேற த்ராட்டிலை முழுக்கத் தள்ளிவிடுகிறேன், பக்கத்தில் யார் இருந்தாலும் சரி.

பலமான குறுக்குக் காற்றில், ரன்வே நீளத்துக்குத் தேவையான குறைந்த ஃபிளாப் போதும் என்கிறது கையேடு. நீங்கள் எவ்வளவு வைக்கிறீர்கள், 10 டிகிரியா, 20 டிகிரியா?