இங்கிலாந்தின் பழைய ஊர்களில் ஒரு கோடை விடுமுறை: எங்கே தங்கலாம்?

திருநகர் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். நான் மதுரை திருநகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். எங்கள் மகள் இங்கிலாந்தில் ரெடிங் நகரில் பணிபுரிகிறாள். வரும் ஜூன் மாதத்தை அவளோடு கழிக்க நானும் என் மனைவியும் செல்லவிருக்கிறோம். லண்டனை அவளே காட்டிவிடுவாள். அதற்கு வெளியே இருக்கும் பழைய ஊர்களையும் நாட்டுப்புறத்தையும் ஆற அமரப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் விருப்பம். ஆனால் விசாரித்த இடத்தில், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், காட்ஸ்வோல்ட்ஸ் மூன்றையும் ஒரே நாளில் பேருந்தில் காட்டி அழைத்து வந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். ஆறுபடை வீட்டையும் அந்தி சாய்வதற்குள் தரிசித்துவிடலாம் என்பதுபோல் இருக்கிறது. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, இருவரும் சைவம், அந்த ஊரில் கார் ஓட்டும் எண்ணம் எனக்கு இல்லை. எந்த ஊரில் தங்கினால் நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

தல்லாகுளம் வாசகர்:

ஐயா, அந்தப் பேருந்துப் பயணத்தை விட்டுவிடுங்கள். ரெடிங்கிலிருந்து பாத் நகருக்கு நேரடி ரயில் உண்டு. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். அங்கே ஒரு வாரம் அறை எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஓர் இடம் என்று போய்வருவதே உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்குப் பிறகும் வெளிச்சம் இருப்பதால், பத்து மணிக்குமேல் புறப்பட்டாலும் பகல் மிச்சமிருக்கும்.

பாத்தில் ரோமானியர் கட்டிய குளியல் மண்டபத்தின் ஊற்றிலிருந்து இன்றும் 46 டிகிரி வெப்பத்தில் நாள்தோறும் பத்து லட்சம் லிட்டருக்கும் மேல் நீர் பொங்கி வருகிறது. பார்க்கலாமே தவிர, அதில் இறங்க அனுமதியில்லை. 1767 முதல் 1774 வரை பிறை வடிவில் கட்டப்பட்ட ராயல் கிரசென்ட் வீட்டு வரிசையின் முன்னுள்ள புல்வெளியில் ஒரு மாலை உட்கார்ந்திருங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

என்னைக் கேட்டால், பாத்தைவிட அருகிலுள்ள வெல்ஸ் என்ற சிறு நகரம்தான் மனத்தில் நிற்கும். ரயில் கிடையாது, பாத்திலிருந்து பேருந்தில் போக வேண்டும். பேராலயத்தின் நடுக்கோபுரம் பாரம் தாங்காமல் சரியத் தொடங்கியதால், 1338இல் தொடங்கிக் கத்தரிக்கோல் போல் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்த வளைவுகளை உள்ளே முட்டுக்கொடுத்து நிறுத்தினார்கள். அந்த முட்டுதான் இன்று அந்தக் கட்டடத்தின் பெரிய அழகு. மாலை வழிபாட்டில் பாடகர் குழு பாடுவதைக் கட்டணமின்றி யார் வேண்டுமானாலும் அமர்ந்து கேட்கலாம். நம் ஊர்க் கோயில்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அளவு பெரிதாகத் தோன்றாது. ஆனால் காதுக்கு அது புதிது.

கம்பம் பள்ளத்தாக்கு:

மதுரையிலிருந்து செல்பவர்கள் ஏன் ஃப்ரிம்லியை மறந்துவிடுகிறார்கள் என்பது எனக்கு என்றும் புரிந்ததில்லை. 1895இல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிய நீரை மலையைக் குடைந்து நம் பக்கம் திருப்பிய ஜான் பென்னிகுயிக், தமது இறுதிக் காலத்தை சரே மாவட்டத்தின் கேம்பர்லியில் கழித்து 1911இல் மறைந்தார். அருகிலுள்ள ஃப்ரிம்லியின் புனித பேதுரு ஆலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கேம்பர்லியில் தமிழக அரசு நிறுவிய சிலை 2022இல் திறக்கப்பட்டது. ரெடிங்கிலிருந்து ஆஸ்காட் சென்று ரயில் மாறினால் இரண்டு ஊர்களும் ஒரே பாதையில் வரும்.

அதே ரெடிங் பாதையில் உள்ள எகமில் இறங்கினால், 1215இல் மன்னரின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய மேக்னா கார்ட்டா சாசனம் முத்திரையிடப்பட்ட ரன்னிமீட் புல்வெளிக்கு நடந்தே போகலாம். அதை ஒட்டிய கூப்பர்ஸ் ஹில் குன்றிலிருந்த பொறியியல் கல்லூரிக்குப் பென்னிகுயிக் தலைவராகவும் இருந்தார். எங்கள் வீட்டில் பொங்கலன்று அவர் படத்துக்கும் மாலை உண்டு. ஆகவே நான் நடுநிலையாளன் அல்லன்.

சிம்மக்கல்லிலிருந்து பிரிஸ்டல்:

நான் சிம்மக்கல்லில் பிறந்து, இப்போது பிரிஸ்டலில் வசிப்பவன். தல்லாகுளம் வாசகர் சொன்னது சரி. ஆனால் அதில் நாட்டுப்புறம் வரவில்லை. இங்கே தனியார் வயல்களின் ஊடாகவும் பொதுமக்கள் நடக்கச் சட்டப்படி உரிமையுள்ள பாதைகள் நாடெங்கும் உண்டு. மஞ்சள் அம்புக்குறியைப் பின்தொடர்ந்தால் போதும். சிக்கல் என்னவென்றால், பல பாதைகளில் வேலியைத் தாண்ட மரப்படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். அம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது. அதற்குப் பதிலாக, பாத்திலிருந்து ரயிலில் பிராட்ஃபர்ட் ஆன் ஏவனுக்குச் சென்று, 14ஆம் நூற்றாண்டுத் தானியக் களஞ்சியத்தைப் பார்த்துவிட்டு, கால்வாயோரமாக ஏவன்கிளிஃப் வரை நடந்து வாருங்கள். ஏற்றமே இல்லாத பாதை, இரண்டரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அங்கே கால்வாய் ஒரு பாலத்தின்மேல் ஏறி ஆற்றையும் தண்டவாளத்தையும் கடந்து போகிறது. ஏவன்கிளிஃப் நிலையத்தில் நாம் கை காட்டினால்தான் ரயில் நிற்கும்.

காட்ஸ்வோல்ட்ஸைப் பொறுத்தவரை, படங்களில் பார்க்கும் பைபரி போன்ற ஊர்களில் நண்பகலில் கூட்டம்தான் இருக்கும். ரெடிங்கிலிருந்தே நேரடி ரயிலில் மோர்ட்டன் இன் மார்ஷ் சென்று, பேருந்தில் சிப்பிங் கேம்ப்டன் போவதே மேல். ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், கிராமப் பேருந்துகளை அன்று நம்ப முடியாது. கம்பளி வணிகத்தால் செழித்த அந்த ஊரின் கடைத்தெரு நடுவே, வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்பதற்காக 1627இல் கட்டிய திறந்த கல்மண்டபம் நிற்கிறது. அப்போது மதுரையில் திருமலை நாயக்கர் ஆட்சி என்பதை நினைத்துக்கொண்டு அதன் தேய்ந்த கல்தரையைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பப் என்று தயங்க வேண்டாம்; குடும்பத்தோடு உணவருந்தும் இடம்தான். தோலோடு சுட்ட உருளைக்கிழங்கு பெரும்பாலும் கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஊர்களில் பிற்பகல் இரண்டரைக்குமேல் சமையலறையை மூடி ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள்.

திருநகர் ஆசிரியர்:

மூவருக்கும் நன்றி. பாத்தில் ஒரு வாரம், ஃப்ரிம்லிக்கும் சிப்பிங் கேம்ப்டனுக்கும் ரெடிங்கிலிருந்து தனித்தனி நாட்கள் என்று முடிவு செய்திருக்கிறோம். கல்லறைக்கு வைகை மணலை எடுத்துச் செல்ல மனைவி ஆசைப்பட்டார். விமான நிலையத்தை நினைத்துத் தடுத்துவிட்டேன். ரயில் கட்டணத்தில் முதியோருக்குச் சலுகை உண்டா?

சிம்மக்கல்லிலிருந்து பிரிஸ்டல்:

உண்டு, ஐயா. 60 வயது நிறைந்தவர்களுக்கான சலுகை அட்டையை வெளிநாட்டவரும் வாங்கலாம். பெரும்பாலான கட்டணங்களில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை நெரிசல் நேரத்தில் ரெடிங் வட்டாரப் பயணங்களுக்கு அது செல்லாது. பத்து மணிக்குமேல் புறப்படப் போகிற உங்களுக்கு அது ஒரு பொருட்டல்ல.