உபுண்டு டிஸ்க்கையே காட்ட மாட்டேன் என்கிறது, வேறு எந்த லினக்ஸ் போடலாம்? (விண்டோஸும் இருக்கணும்)

மதி_காரைக்குடி · வெள்ளி இரவு 9.40
எல்லோருக்கும் வணக்கம். புராஜெக்ட்டுக்கு லினக்ஸ் வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டார், திங்கட்கிழமை ரிவ்யூ. சீனியர் அக்கா கொடுத்த பென்டிரைவில் உபுண்டு என்கிற லினக்ஸ் இருந்தது. போட்டுப் பார்த்தேன், இன்ஸ்டால் ஆகவில்லை, டிஸ்க்கே இல்லை என்கிற மாதிரி நிற்கிறது. புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்ற வேறு லினக்ஸ் சொல்லுங்கள். விண்டோஸ் அழியக் கூடாது, வீட்டுக் கணக்கு எல்லாம் அதில்தான். அவசரம்.

புதினா_பிரியன் · 9.52
லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். கீழே இடது மூலையில் மெனு, விண்டோஸ் பழகிய கைக்கு அப்படியே இருக்கும். அடித்தளம் உபுண்டுவின் எல்டிஎஸ், அதாவது நீண்டகால ஆதரவுப் பதிப்புதான், அதனால் உபுண்டுவுக்கு எழுதிய உதவிக் குறிப்புகள் முக்கால்வாசி இதற்கும் ஒத்துவரும்.

மெக்கானிக் · 10.03
உபுண்டு பார்க்காத டிஸ்க்கை, அதன் மேல் கட்டிய மின்ட் மட்டும் எப்படிப் பார்க்கும்? மதி, லேப்டாப் மாடல் என்ன? பிராசசர் எது? எந்த உபுண்டு? திரையில் என்ன வந்தது, அப்படியே சொல்லுங்கள்.

கட்டளைவரி · 10.15
வாரத்துக்கு ஒரு முறை இதே கேள்வி. தேடினால் நூறு இழை கிடைக்கும். எந்த லினக்ஸ் என்று கேட்பதை விட்டுவிட்டு ஆர்ச் லினக்ஸ் போட்டு, பார்ட்டிஷன் என்றால் என்ன, டிஸ்க்கை எப்படிப் பகுதி பிரிப்பது என்று கையால் கற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் கற்றோம்.

மதி_காரைக்குடி · 10.21
விண்டோஸ் 11. எட்டு ஜிபி ராம். பென்டிரைவ் 16 ஜிபி.

மெக்கானிக் · 10.24
பென்டிரைவைக் கேட்கவில்லை அம்மா 🙂 பிராசசரும், திரையில் வந்த வரியும்.

மின்வெட்டு · 10.40
ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்தான் காரணம், நான் பந்தயம் கட்டுகிறேன். ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய் அணைத்துவிடுங்கள்.

மெக்கானிக் · 10.47
அணைப்பது நல்லதுதான். ஆனால் அந்தக் கோளாறில் டிஸ்க் கண்ணுக்குத் தெரியும், விண்டோஸ் பார்ட்டிஷனில் எழுதத்தான் விடாது. இங்கே டிஸ்க்கே காணோம்.

பழைய_பென்டியம் · 11.05
அரசு கொடுத்த இலவச லேப்டாப்பில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? டெபியன் என்ற லினக்ஸ்தான் அடித்தளம், மத்திய அரசின் சி-டாக் நிறுவனத் தயாரிப்பு. எங்கள் வகுப்பில் அதைத் திறந்து பார்த்தவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரில் ஒருவன் நான். அதுவும் நல்ல லினக்ஸ் விநியோகம்தான் (டிஸ்ட்ரிபியூஷன்).

சொல்லேருழவன் · 11.12
விநியோகம் இல்லை, வழங்கல். விநியோகம் என்றால் ரேஷன் கடை ஞாபகம் வருகிறது.

பழைய_பென்டியம் · 11.16
ரேஷனுக்கும் குடிமைப்பொருள் வழங்கல் என்றுதான் பெயர், ஐயா.

புதினா_பிரியன் · 11.20
டிஸ்ட்ரோ என்றால் எல்லோருக்கும் புரியும். சண்டை முடிந்தது.

சொல்லேருழவன் · 11.31
அப்படியே விட்டால் மென்பொருள், கோப்பு என்கிற சொற்கள் வந்திருக்குமா? யாரோ ஒருவர் பிடிவாதமாக எழுதியதால்தான் இன்று நீங்களும் எழுதுகிறீர்கள்.

கட்டளைவரி · 11.38
கேள்வி கேட்டவர் ஓடிவிட்டார், நீங்கள் பெயர்சூட்டு விழா நடத்துங்கள்.

மதி_காரைக்குடி · சனி காலை 7.10
தூங்கிவிட்டேன், மன்னிக்கவும். அண்ணன் வாங்கிய லேப்டாப், ஒட்டு கிழிந்துவிட்டது, மாடல் தெரியவில்லை. ஐ5, 11ஆம் தலைமுறை. உபுண்டு 22.04. ஆர்எஸ்டியை அணை என்று ஏதோ வந்தது, கூடவே ஒரு கியூஆர் கோடு. விளம்பரம் என்று நினைத்து மூடிவிட்டேன்.

மெக்கானிக் · 7.34
அதுதான் பதிலே! நேற்றே சொல்லியிருந்தால் ரேஷன் கடைக்குப் போயிருக்க மாட்டோம்.

ஆர்எஸ்டி என்பது டிஸ்க்கைக் கவனிக்கும் இன்டெல் தொழில்நுட்பம். 11ஆம் தலைமுறை இன்டெல்லில் அதற்காக எஸ்எஸ்டி டிஸ்க்கை விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். அதை பயாஸில், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில், அணைக்க வேண்டும். நேரே அணைத்தால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். அதனால் அவசரப்படாமல் செய்யுங்கள்.

முதலில் கணக்கு ஃபைல்களை வெளியே காப்பி எடுங்கள். செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள், பயாஸைத் தொட்டதும் கேட்கக்கூடும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி 60 ஜிபி காலியாக விடுங்கள்.

அப்புறம் விண்டோஸில் எம்எஸ்கான்ஃபிக் என்று தேடித் திறந்து சேஃப் பூட் டிக் போட்டு ரீஸ்டார்ட். விண்டோஸ் வருவதற்குள் பயாஸுக்குள் நுழைந்து விஎம்டியை அணையுங்கள். சில லேப்டாப்பில் அந்த வரியே ஒளிந்திருக்கும், மெயின் பக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தினால்தான் தலைகாட்டும். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து, டிஸ்க்குக்கு வேண்டிய டிரைவர் மென்பொருளைத் தானே பிடித்துக்கொள்ளும். உள்ளே நுழையும் பின் (PIN) நம்பரை அங்கே சில சமயம் எடுக்காது, பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். விண்டோஸ் வராமல் முரண்டு பிடித்தால் பயம் வேண்டாம், விஎம்டியைத் திரும்பப் போட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

அதன் பிறகு உபுண்டுவோ மின்ட்டோ, உங்கள் விருப்பம். இரேஸ் டிஸ்க் என்ற வரியை மட்டும் தொடாதீர்கள்.

கட்டளைவரி · 8.02
விஎம்டி என்று நானும் சந்தேகப்பட்டேன்.

மின்வெட்டு · 8.05
எப்போது?

மதி_காரைக்குடி · திங்கள் இரவு 8.50
வந்துவிட்டது! கன்ட்ரோல் எஸ் அழுத்தினதும்தான் அந்த வரி தெரிந்தது. மின்ட் போட்டேன், ரிவ்யூவும் முடிந்தது. நன்றி அண்ணா. ஆனால் இப்போது விண்டோஸில் மணி 3.20 காட்டுகிறது.

மெக்கானிக் · 9.04
மகிழ்ச்சி. சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறதா? மின்ட் உள்கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே நம் ஊர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும்படி மின்ட்டில் மாற்றலாம், ஒரே கட்டளைதான், கேட்டால் தருகிறேன். ரெக்கவரி கீ கேட்டதா? அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

மெக்கானிக் · வியாழன் காலை 7.15
மதி?