போர்ட், பின், புல்-அப்: சொற்கள் தேவை

அன்புடையீர், வணக்கம்.

நுண்கட்டுப்படுத்தி (கருவிகளை இயக்கும் ஒற்றைச் சில்லுக் கணினி) பற்றிய பாடநூலின் உள்ளீடு-வெளியீடு இயல் நாளை மறுநாள் அச்சுக்குப் போகிறது. ஏடிமெகா328பி சில்லில் பி, சி, டி என மூன்று போர்ட்கள். போர்ட் என்பது பின்களின் தொகுதி; பின் என்பது சில்லை வெளியுலகோடு சேர்க்கும் மின் இணைப்பிடம். ஒவ்வொரு பின்னையும் மூன்று பதிவகங்கள் (சில்லுக்குள் உள்ள சிறு நினைவிடங்கள்) ஆள்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு பிட். டிடிஆர் (DDR) பதிவகத்தின் பிட் திசையைச் சொல்லும்: 1 என்றால் வெளியீடு, 0 என்றால் உள்ளீடு. வெளியீடாக இருக்கும்போது போர்ட் (PORT) பதிவகத்தில் எழுதியது பின்னில் மின்னழுத்தமாக வரும். பின்னில் இப்போது என்ன நிலை என்று அறிய 'பின்' (PIN) பதிவகத்தைப் படிக்க வேண்டும். ஆக, போர்ட்டும் பின்னும் உறுப்புக்கும் பெயர், பதிவகத்துக்கும் பெயர். மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். பிரித்துக் காட்டும் சொற்களைத் தாருங்கள்.

———

போர்ட்டுக்கு 'வாயில்' என்பதே தகும். இல்வாய் என்பது முன்றில் போல முன்பின்னாக மாறி வாயில் ஆயிற்று. அகப்பாடல்களில் தலைவனுக்கும் தலைவிக்கும் இடையே தூது செல்வோரும் வாயில்களே. செயலிக்கும் வெளியுலகுக்கும் நடுவே நிற்பதற்கு இதைவிட நல்ல சொல் உண்டா? உள்ளீட்டு நிலையில் ஒரு பின், மின்னோட்டத்தை ஏறக்குறைய உள்ளே விடுவதே இல்லை. அந்த உயர் மின்மறுப்பு நிலைக்கு 'வாயில் மறுத்தல்' என்ற மருதத்துறை ஆயத்தமாகக் காத்திருக்கிறது.

———

ஐயா, வாயில் மறுத்த தலைவி தூதுவனின் சொல்லுக்கு இணங்குவதில்லை. உள்ளீட்டுப் பின் அப்படியன்று. வருகிற செய்தியை அப்படியே ஏற்றுக்கொள்கிறது, தான் எதையும் செலுத்துவதில்லை, அவ்வளவுதான். மேலும் லாஜிக் கேட்டுக்குத் தருக்க வாயில் என்பது வகுப்பறையில் வேரூன்றிவிட்டது. இலங்கைப் பாடநூல்களைப் போலப் படலை என்று எழுதியிருந்தால் இந்த மோதல் வந்திராது. எனவே போர்ட்டுக்குத் துறை, பின்னுக்குக் கால்.

போர்ட் பதிவகத்தை 'வெளியீட்டுப் பதிவகம்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உள்ளீட்டு நிலையில் அதே பிட்டில் 1 எழுதினால் சில்லுக்குள் இருக்கும் 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான புல்-அப் தடை (காலை மின்வழங்கலின் பக்கம் இழுத்து வைக்கும் மின்தடை) இணைகிறது. பொத்தானை அழுத்தாதபோது கால் எதனுடனும் சேராமல் கிடந்தால் சுற்றுப்புற மின் இரைச்சலுக்கேற்ப 0, 1 என மாறி மாறிப் படிக்கும். இந்தத் தடை அதை 1-இல் நிறுத்துகிறது. பொத்தான் காலைத் தரையோடு (0 வோல்ட்) சேர்த்தால் 0. மாணவர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. போர்ட் பதிவகத்தை எழுதுபதிவகம், பின் பதிவகத்தைப் படிபதிவகம் என்று வினைத்தொகையாக வைத்தால் பொய் சேராது.

———

சேரும். இந்தச் சில்லில் படிபதிவகத்திலும் எழுதலாம். அங்கே 1 எழுதினால் எழுதுபதிவகத்தின் பிட் புரண்டுவிடும். காலும் எனக்கு உடன்பாடில்லை. இன்றைய பல சில்லுகளுக்குக் கால்களே கிடையாது, அடியில் தட்டையான பட்டைகள்தான். 'முனை' பொருந்தும்.

———

முனை என்றால் மின்முனை நினைவுக்கு வரும். புல்-அப்புக்கு 'மேலிழுதடை' என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது.

———

மேல் + இழுது + அடை என்றும் பிரியும். இழுது என்றால் நெய். சில்லின் தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் மாணவர் காணப்போவது புல்-அப் என்ற சொல்லைத்தான். அதையே எழுதினால் என்ன குறை?

———

குறை இருக்கிறது. ஒலியை மட்டும் கற்றவர் மனப்பாடம் செய்கிறார். மேலிழு என்று படித்தவருக்கு, அழுத்தாத பொத்தான் ஏன் 1 தருகிறது என்பதில் பாதி விளங்கிவிடுகிறது. இடையில் சிறுகோடு போட்டு 'மேலிழு-தடை' என எழுதினால் நெய்யும் வராது.

———

அனைவருக்கும் நன்றி. துறை, கால், மேலிழு-தடை என்று அனுப்புகிறேன். பதிவகப் பெயர்களை நிரலில் உள்ளபடியே தடித்த எழுத்தில் விடுகிறேன். எதனுடனும் சேராத காலுக்கு ஒருவரும் சொல் தரவில்லை. 'மிதக்கும் கால்' என்று எழுதியிருக்கிறேன்.

———

துறைக்கு நான் உடன்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் வாயில் பற்றி விரிவாக எழுதுவேன்.